உரக்கச் சிரித்தவன் அவனே

அடித்துவிடுவது என்றுதான் ஆலங்குளத்தில் பஸ் ஏறும்போது முடிவு செய்திருந்தேன், ஒரே ஒரு வரி, பேனாவை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போயிற்று, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, யோசித்து முடித்த விஷயம், ஆனால் பாவூர்சத்திரம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப்போய் வேப்பமரத்தடியில் நின்று யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருக்கிறார், பஸ்ஸுக்குள் காற்று நின்றுவிட்டது, என் மடியில் அப்பாவின் நினைவு மலர் புரூஃப், கையில் மூடி திறந்த பேனா, இன்னும் அடிக்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தென்காசி அச்சகத்தில் கொடுத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை, அப்பா போய் வருஷம் திரும்புகிற அன்று, மேடையில் மலர் வெளிவரும், இல்லையென்றால் அட்டையை மட்டும் காட்டி வெளியிட வேண்டியதுதான் என்று அச்சகத்துக்காரர் காலையிலேயே மிரட்டிவிட்டார். அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதியது நான்தான். “படிச்ச பிள்ள, பல்கலைக்கழகத்துல வாழ்க்கை வரலாறு பத்தியே ஆராய்ச்சி பண்ணுதாம், அத விட்டா வேற யாரு எழுத” என்று மலர் போடுகிற ஊர் மன்றத்தின் தலைவர் முப்பிடாதி சார் வீட்டுக்கு வந்து சொன்னார், அம்மாவும் தலையாட்டினாள், நானும் எழுதினேன், எழுதியதில் நான் எழுதாத ஒரு வரியை முப்பிடாதி சார் சிவப்பு மையில், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஓய்வு பெறாத அந்தச் சிவப்பு மையில், ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டு உள்ளே செருகியிருக்கிறார்: ‘மணி அண்ணாச்சி மேடையில் பிரீமியம் நயினாரைப் போல் பேசிக் காட்டும்போது, கூட்டத்திலேயே உரக்கச் சிரித்தவர் நயினாரேதான்.’ இதைத்தான் அடிக்க வேண்டும். காலையில் போனில் சண்டையும் போட்டாயிற்று. “சார், அவரு சிரிச்சாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” “ஏம்மா, ஊரே பாத்துச்சே.” “பாத்தது பல்லு சார். சிரிப்புன்னு யார் சொன்னா?” “ஏ பிள்ள, நீ உங்க காலேஜ் பேச்சையெல்லாம் எங்கிட்டப் பேசாத, உங்கப்பனுக்குப் பெருமையா ஒரு வரி போட்டா ஒனக்கென்ன வலிக்கி?” என்ன வலிக்கிறது. அதுதான் கேள்வி, எனக்கு என்ன வலிக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “செத்த மனுசன்கூடயுமா மல்லுக்கு நிப்ப?” என்றாள். நான் அப்பாவுடன் மல்லுக்கு நிற்கவில்லை, ஒரு வாக்கியத்துடன் நிற்கிறேன், இரண்டும் வேறு, வேறுதான், வேறு இல்லையா.

ஏனென்றால் அந்த வாக்கியத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும். வார்த்தைக்கு வார்த்தை தெரியும், அது தமிழில் பிறந்ததே இல்லை, அமெரிக்காவில் ஏதோ ஒரு பத்திரிகைக்காரன் என் தாத்தா பிறப்பதற்கு முன்னால் எழுதிவிட்டான், அது எப்படிக் கடல் தாண்டி முப்பிடாதி சாரின் சிவப்புப் பேனாவுக்குள் வந்து உட்கார்ந்தது என்றுதான் புரியவில்லை. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் மேல்மாடி மூலையில், அமெரிக்கர்கள் எந்தக் காலத்திலோ அன்பளிப்பாகக் கொடுத்த புத்தகங்கள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன, யாரும் தொடுவதில்லை, தொட்டால் தும்மல் வரும், அதில் ஒன்றுதான் ரூஃபஸ் பெண்டிலின் வாழ்க்கை வரலாறு, பெயர் ‘ஊருக்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்’, எழுதியவர் அவருடைய நண்பரான அந்தப் பத்திரிகைக்காரர், ஹார்லன் டூவி, பெண்டில் செத்த மறுவருஷமே அச்சானது. முதல் பக்கத்தில் படம், ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார் பெண்டில், முழங்காலுக்கிடையில் ஒரு தச்சரம்பம், கையில் வயலின் வில், ரம்பத்தை வில்லால் இழுத்துப் பாட்டு வரவைத்துக்கொண்டே கதை சொல்வாராம், ரேடியோவில் அவர் வரும் நேரத்துக்கு நாடே சாப்பாட்டு மேசையை ரேடியோ பக்கமாக நகர்த்திப் போட்டதாம், ‘நாடே’ என்று டூவி எழுதுகிறார், யாருடைய நாடு, எத்தனை வீட்டில் மேசை இருந்தது, இதையெல்லாம் நான் ஓரக்குறிப்பில் கேட்டு வைத்திருக்கிறேன். பெண்டில் புயலடித்த ராத்திரியில் பிறந்தார், அன்புக்குரியவர்கள் யாரும் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை பிறப்பதில்லை. பெண்டிலின் புகழ்பெற்ற உருப்படி, அவர் ஊர் நாவிதர் ஹெர்மன் பேசுவது, ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர், இங்கிலீஷ் வாயில் நுழையாது, கத்தியைத் தீட்டிக்கொண்டு அவர் பேசுகிற உடைசல் இங்கிலீஷைப் பெண்டில் ஊர் ஊராகப் பேசிக் காட்டினார், அமெரிக்கா புரண்டு புரண்டு சிரித்தது, டூவி அந்தப் பத்தியை இப்படி முடிக்கிறார்: ‘மண்டபத்திலேயே உரக்கச் சிரித்தவன் அவனே, நம் ஹெர்மன்.’ அவ்வளவுதான் ஹெர்மன், அத்தனை பெரிய புத்தகத்தில் அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டான். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்து உலுக்கித்தான் நான் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன், தலைப்பு ‘அன்பு சொல்லும் பொய்’, டூவி ஹெர்மனிடம் கேட்டாரா, கேட்டிருந்தால் ஹெர்மன் எந்த மொழியில் பதில் சொல்லியிருப்பான், சிரிக்காமல் இருந்திருந்தால் மறுநாள் அவன் கடைக்கு முகம் வழிக்க எத்தனை பேர் வந்திருப்பார்கள், என்று அடுக்கினேன், கைதட்டினார்கள், என் நெறியாளர் எஸ்தர் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது அவர் பாராட்டுகிற விதம். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, “ஒருவேளை நிஜமாவே அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம்ல?” என்றான். அவனை நான் கிழித்த கிழியில் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் கேன்டீனில் வரிசையை மாற்றிக்கொள்கிறான். ஆனால் கட்டுரையில் வராத ஒன்று உண்டு, கடைசி அதிகாரம், பெண்டிலின் உடல் ரயிலில் வருகிறது, நிற்காத சின்னச் சின்ன ஸ்டேஷன்களில்கூட ஜனங்கள் மழையில் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள், ரயில் நிற்காமல் போகிறது, அவர்கள் நனைந்துகொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள், அதைப் படித்துவிட்டு நான் அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன், அப்போது அப்பா உயிரோடு நன்றாக இருந்தார், ஏன் அழுதேன், டூவி பொய்யன் என்று தெரிந்துமா அழுதேன், அதற்கு எங்கே அடிக்குறிப்பு போடுவது.

அப்பாவுக்கு ரம்பம் இல்லை, மைக் இருந்தது. ‘வைகுண்டமணி சவுண்ட் சர்வீஸ்’, கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான், கரகாட்டக்காரர்கள் வர நேரமாகும், பேச்சாளருடைய கார் வழியில் நின்றுவிடும், கூட்டம் கலைகிற மாதிரி இருக்கும், அப்போது விழாக் குழுக்காரர்கள், “மணி, எதாவது பேசிப் பிடிச்சு வையிடே” என்பார்கள், அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆரம்பிப்பார், தாசில்தார் இருமுவது, பால்காரர் மாட்டிடம் பேசுவது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாத ஜீப்பு, மெல்ல மெல்ல, மேடையேற வேண்டிய ஆட்கள் வந்த பிறகும் ஜனங்கள் மணியை விடவில்லை, மணி இருந்தால்தான் கொடை என்று ஆனது, சிரிப்புச் செல்வர் என்று ஒரு பட்டமும் துண்டும் போர்த்தினார்கள், அந்தப் பட்டத்தை முப்பிடாதி சார் எல்லாப் பக்கத்திலும் சேர்த்திருக்கிறார், புயலடித்த வருஷம் பிறந்தார் என்றும் சேர்க்கச் சொன்னார், “எந்தப் புயல் சார்?” என்றேன், “எதாவது ஒண்ணு அடிச்சிருக்கும்லா” என்றார். எல்லாவற்றுக்கும் மேல் அப்பாவின் பெரிய உருப்படி பிரீமியம் நயினார். சங்கரநயினார் மாமா இன்சூரன்ஸ் ஏஜென்ட், அப்பாவுடன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச், திக்குவாய். “பி-பி-பி-பி-” என்று அப்பா ஆரம்பிப்பார், தவில் மாதிரி அதில் ஒரு தாளம் இருக்கும், கூட்டம் “பிரீமியம்!” என்று முடித்துக் கொடுக்கும், சின்னப் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கும், நானும் குதித்திருப்பேன், எட்டு வயசு வரைக்கும் குதித்திருப்பேன், அதற்குப் பிறகு ஒருநாள் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருப்பதையும் எல்லோரும் மேடையைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருப்பதையும் பார்த்தேன், அவர் வாய் திறந்து பல் தெரிந்தது, அன்றிலிருந்து அவர் எதிரே வந்தால் நான் தெரு மாறிவிடுவேன், அவர் சுரண்டைக்கு மகள் வீட்டோடு போன பிறகு மாறவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று, யோசித்துப் பார்த்தால் அவர் பேசி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை, என் காதில் இருக்கிற நயினார் மாமா முழுவதும் அப்பாவின் தொண்டையிலிருந்து வந்தவர். வீட்டில் அப்பா பேசவே மாட்டார், அதையும் யாரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, எழுதினால் அம்மா படிப்பாள். ராத்திரி ஒயரைச் சுற்றிக்கொண்டே சாப்பிடுவார், என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு என் தலையில் கையை வைப்பார், அவ்வளவுதான், கை கனமாக இருக்கும், செம்பு ஒயர் வாசனை வரும், இப்போது அந்தக் கனத்தை நினைத்தால் மடியில் இருக்கிற தாள் ஆடுகிறது, இல்லை, பஸ்தான் யாரோ ஏறியதில் ஆடியது.

ஏறியது டீ வாங்கப் போன கண்டக்டர். அடிக்க வேண்டியதுதானே, அடிக்க முடியாததற்குக் காரணம் எனக்கு மூன்று சீட் முன்னால் உட்கார்ந்திருக்கிறது, நயினார் மாமா, அதே வெள்ளைச் சட்டை, பின்கழுத்தில் முடி நரைத்து, மடியில் ஒரு மஞ்சள் பை. ஆலங்குளம் தாண்டி ஒரு விலக்கு ஸ்டாப்பில் ஏறினார், கண்டக்டர் அவரிடம் போனார், இப்போது கேட்க வேண்டியிருக்குமே, தென்காசி என்று சொல்ல வேண்டுமே, ‘தெ-தெ-தெ’ என்று பஸ்ஸுக்கே கேட்குமே, முன்சீட்டுப் பையன்கள் திரும்பிச் சிரிப்பார்களே என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், ஒன்றும் வரவில்லை. கண்டக்டர் வெளியே தோட்டத்துக் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார், ரொம்ப நேரம் கிணற்றைப் பார்த்தார், பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை, ஒருவேளை தாழ்வாகச் சொல்லியிருப்பார், ஒருவேளை கண்டக்டருக்குத் தெரியும். அப்போதிலிருந்து என் தலைக்குள் இரண்டு பேர் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தி சொல்கிறாள், ஹெர்மனிடம் யாரும் கேட்கவில்லை என்று கைதட்டல் வாங்கினாயே, இதோ உன் ஹெர்மன் மூன்று சீட் தள்ளி, போய்க் கேள், இன்னொருத்தி சொல்கிறாள், கேட்டு, ஆமாம் எனக்கு ரொம்பச் சிரிப்பாக இருந்தது என்று சொல்லிவிட்டால் உன் கட்டுரை என்ன ஆகும், முதலாமவள், ரொம்ப வலித்தது என்று சொல்லிவிட்டால் உன் அப்பா என்ன ஆவார், இரண்டாமவள் வாயை மூடிக்கொண்டாள், எந்த விவாதத்திலும் நான் வாயை மூடியதில்லை, இரண்டு பக்கமும் நானாக இருக்கும்போது யாருக்குத்தான் மார்க் போடுவது. வலித்தது என்று சொன்னால் அதை எழுத வேண்டும், எழுதாவிட்டால் நான் டூவி, எழுதினால் ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படிப்பாள். வரியை அடித்தால் மட்டும் போதுமா, அடித்தால் நயினார் மாமாவே இல்லாமல் போகிறார், டூவியாவது ஒரு வரி கொடுத்தான். நான் இப்படி உழன்றுகொண்டிருக்க, வியர்வையைத் துடைத்தபடி அவர் திரும்பினார், என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து, நடைவழிக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தார்.

“மணி மவதான நீ?” தடங்கலே இல்லை. “ஆமா மாமா.” “மூக்கப் பாத்தாலே தெரியுது. பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு என்ன, பரீட்சையா?” “அப்பா மலரு மாமா. புரூஃப். தென்காசிக்குக் கொண்டுபோறேன்.” கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் யோசிப்பதற்குள் என் கை கொடுத்துவிட்டது. தாளைத் தூரத் தள்ளிப் பிடித்துப் படித்தார், கண்ணைச் சுருக்கி, விரல் ஓரமாகப் போய்ச் சிவப்பு மையில் நின்றது, நான் அவர் வாயைப் பார்த்தேன், பல் தெரிகிறதா என்று பார்த்தேன், என்ன கேவலம், பல்லைப் பார்க்கிறேன். “முப்பிடாதி இன்னும் செவப்பு மைய விடலையா” என்றார். நான் கேட்டுவிட்டேன், யோசித்துக் கேட்கவில்லை, வந்துவிட்டது: “மாமா, நீங்க நெசமாவே சிரிச்சீங்களா?” அவர் பதில் சொல்ல வாயெடுத்தார், எடுத்தவர் நின்றுவிட்டார். எனக்குள் அப்பாவின் தவில் தயாரானது, இதோ இப்போது வரும் என்று காது விறைத்தது, ஒன்றும் வரவில்லை, எதுவும் திரும்பத் திரும்ப வரவில்லை, அவர் வாய் பாதி திறந்தபடி இருந்தது, இமைகள் மூடின, கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது, எங்கோ உள்ளே ஒரு கதவை யாரோ தோளால் தள்ளுவது மாதிரி இருந்தது, சத்தமே இல்லை, வெளியே ஒரு காக்கா, பின்னால் ஒரு குழந்தை முறுக்கைக் கடிக்கிற சத்தம், எத்தனை நேரம், நான் எங்கே பார்ப்பது, கண்டக்டர் கிணற்றைப் பார்த்ததன் அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது, இங்கே கிணறு இல்லை, நான் என் செருப்பைப் பார்த்தேன். பிறகு கதவு திறந்தது. “சிரிச்சேன்” என்றார், சாதாரணமாக.

“அப்பா பண்றது இப்படி இல்லையே மாமா,” இதையா சொல்வது, மடச்சி, அதற்குள் சொல்லியாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை, ஏதோ ரொம்ப நாளாக எதிர்பார்த்த கேள்வி மாதிரி உற்சாகமாகிவிட்டார். “அதத்தான சொல்லுதேன்! எனக்குச் சத்தம் வராதுட்டி. அடச்சுக்கிடும், அவ்வளவுதான். அத மேடையில வச்சா எவனுக்குத் தெரியும்? உங்கப்பன் மைக்செட்டுக்காரன், அவனுக்குச் சத்தம் வரணும்லா, அதனால பி-பின்னு ஒண்ணு சேத்துக்கிட்டான். மொத தடவ ஊத்துமலைக் கொடையில கேட்டேன், பக்கத்துல இருந்தவன்கிட்ட, ஏ இது யாரப் பண்ணுதான், நல்லா இருக்கேன்னு கேட்டுட்டேன். ஒன்னத்தாம்லன்னான்.” நான் சிரித்துவிட்டேன், என் வாயை நானே பொத்திக்கொண்டேன். “சிரி, சிரி. அதுக்குள்ள எல்லாப் பயலும் திரும்பி என்னப் பாக்கான். பாத்தா என்ன செய்ய? சிரிச்சேன்.” ஆக, சிரித்தார், ஆனால் அது, என்ன அது, வலித்ததால் சிரித்தாரா, தன்னை இல்லை என்பதால் சிரித்தாரா, பின்வரிசைப் பையன் எழுந்து நிற்கிறான் என் தலைக்குள், உட்காருடா. “நான் இப்படி இல்லன்னு அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல மாமா? திருத்தியிருக்கலாம்ல?” அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், இத்தனை படித்துமா என்கிற மாதிரி இல்லை, பாவமே என்கிற மாதிரி. “திருத்துனா அது நான் ஆயிரும்லா. இப்படியே இருந்தா அது வேற எவனோ.” இதை நான் எங்கே வைப்பது, இதற்கு எந்தப் பக்கம், இது என் கட்டுரைக்குச் சாதகமா பாதகமா, எஸ்தர் மேடம் இருந்தால் கண்ணாடியைக் கழற்றுவாரா மாட்டுவாரா. “அப்பம் வருத்தமில்லைங்கியளா?” “அப்படி நான் சொன்னனா?” “பெறவு எதுக்கு எல்லாக் கூட்டத்துக்கும் வந்தீங்க? மொத வரிசையில வந்து உக்காருவீங்களே, நான் பாத்திருக்கேன்.” மறுபடி அடைத்தது, இந்தத் தடவை நான் செருப்பைப் பார்க்கவில்லை, எங்கே பார்த்தேன் என்று தெரியவில்லை, காத்திருந்தேன். “நான் முன்னால இருந்தா கொஞ்சம் கொறச்சுப் பண்ணுவான். கண்ணு படுதுல்லா, கூச்சம் இருக்கும்லா அவனுக்கும். வரலேன்னா இஷ்டத்துக்குப் போயிருவான். ஒருக்க எனக்குக் காய்ச்சல், போவல. அன்னைக்கு எம் பொண்டாட்டியையும் உள்ள சேத்துட்டான்.” சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், பல் முழுவதும் தெரிந்தது, நான் பார்த்த அதே பல், இது சிரிப்பா, சிரிப்பு மாதிரிதான் இருந்தது, காவலுக்கு வந்த மனிதர், இத்தனை வருஷம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தன் பெயருக்குக் காவல் உட்கார வந்த மனிதரை ஊர் முழுக்கப் பெரிய ரசிகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, அப்பாவும் நினைத்திருப்பாரா, அப்பாவுக்குத் தெரியுமா, தெரிந்துதான் குறைத்தாரா.

திடீரென்று மாமா தொண்டையைக் கனைத்தார், நெஞ்சை நிமிர்த்தினார், இடது கையை மைக்கைப் பொத்துவது மாதிரி வாயருகே கொண்டுபோனார். “ஹலோ, ஹலோ. கடைசியில நிக்கிற தாய்மார்களே, பேசுதது கேக்குதா? கேக்கலேன்னா சொல்லுங்க, நாங்க பேசாமலேயே எறங்கிருதோம்.” கண்டக்டர் சடாரென்று திரும்பினார், “யண்ணே, மணியண்ணே மாதிரியே!” என்றார், முன்சீட்டில் ஒரு அம்மா “யாரு, செத்துப்போன மைக்செட்டுக்காரரா?” என்று எழுந்து பார்த்தாள், எனக்கு, எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை, அது அப்பா, கனைப்பு அப்பா, ‘எறங்கிருதோம்’ என்பதில் கடைசியில் மூக்கில் போய் நிற்குமே அந்த மூச்சு அப்பா, வருஷம் பூராவும் அவர் பேசிய ஒரு கேசட்டைக்கூடப் போடத் துணியாமல் இருந்த எங்கள் வீட்டுக்கு வெளியே, நிற்கிற பஸ்ஸில், வெயிலில், அப்பா ஒரு சொல்கூடத் தடுக்காமல் பேசுகிறார், அப்பாவை இத்தனை கூர்ந்து யார் பார்த்திருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை, முதல் வரிசையிலிருந்து கண்ணெடுக்காமல் பார்த்தவருக்குத்தானே இந்த மூச்சு தெரியும், எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, எது எதற்கு என்று பிரிக்க முடியவில்லை, யார் இப்போது யாரைப் பண்ணுகிறார்கள், அப்பா மாமாவைப் பண்ணிக் காட்டிய வரையில் நியாயம் இன்னது என்று எனக்குத் தெரியும், மாமா அப்பாவைப் பண்ணிக் காட்டினால் நான் யாருக்காகக் கோபப்படுவது. “அப்பம் என்னதான் எழுத மாமா?” என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சண்டைக்காரி மாதிரியே இல்லை என் குரல். “சிரிச்சான்னு போட வேண்டாம்.” “அழுதீங்கன்னு போடவா?” “சீ. வந்திருந்தாருன்னு போடு.” “அவ்வளவுதானா?” “அதான நடந்துச்சு.” சிவப்பு வரியை அடித்தேன், அதன்மேல் எழுதினேன்: ‘நயினார் எல்லாக் கூட்டத்துக்கும் வந்திருந்தார்.’ எழுதிய மை காய்வதற்குள்ளேயே தெரிந்துவிட்டது, ஊர் இதைப் படித்து, ஆஹா என்ன நட்பு என்று சொல்லும், முப்பிடாதி சார்கூட ஒன்றும் சொல்ல மாட்டார், ஒரு பொய்யும் இல்லாத வரி, இருந்தும் எல்லோரும் தப்பாகவே படிக்கப் போகிற வரி, இதற்கு டூவியே மேலோ, இதற்குப் பக்கத்தில் ஒரு ‘ஏன்’ போட்டுக் காரணத்தை எழுதிவிடலாமா, அவர் தாளை எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டார், திருப்திதான் போலிருக்கிறது, அல்லது தலையாட்டுவது சுலபமாக வருகிறதோ என்னவோ.

தண்டவாளம் முனகத் தொடங்கியது. கேட்டருகே பைக்குகள் கிளப்பப்பட்டன, டிரைவர் சிகரெட்டை மிதித்துவிட்டு ஏறினார், கூட்ஸ் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். இனி கேட்க நேரமிருக்காது, தென்காசியில் இறங்கினால் அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது, மலருக்காக இல்லை, கட்டுரைக்காக இல்லை, யாருடைய நியாயத்துக்காகவும் இல்லை, ராத்திரி படுத்துக்கொண்டு அப்பாவின் அந்தக் கையின் கனத்தை நினைக்கலாமா கூடாதா என்று தெரிய வேண்டியிருந்தது. “மாமா,” என்றேன், நடைவழிக்குக் குறுக்கே நன்றாகக் குனிந்து, “அப்பா மேல ஒங்களுக்குக் கோவமே இல்லையா?” அவர் என்னைப் பார்த்தார். வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து கூட்ஸ் இன்ஜின் ஹாரனை அடித்துக்கொண்டு வந்து விழுந்தது, பஸ் கண்ணாடிகள் எல்லாம் கடகடவென்று ஆடின, ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, கரி ஏற்றிய பெட்டிகள், முடிவே இல்லாமல், பின்சீட்டுக் குழந்தை அழுவது வாய் மட்டும் தெரிந்தது, மாமா பேசிக்கொண்டிருந்தார். அடைக்கவில்லை. கண் மூடவில்லை, நரம்பு எழவில்லை, உதடுகள் ஒரு இடத்திலும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன, இப்படி ஒருவர் பேசி நான் பார்த்ததில்லை, கையை விரித்தார், முன்சீட்டுக் கம்பியில் ஒருமுறை ஓங்கி அடித்தார், உடனே அந்த இடத்தையே தடவிக் கொடுத்தார், நடுவில் ஒருதரம் சிரித்தார், ஒருதரம் என் மடியில் இருந்த புரூஃபில் அப்பாவின் படத்தைக் காட்டி என்னவோ நீளமாகச் சொன்னார், நான் அவர் வாயையே பார்த்தேன், ஒரு சொல்லாவது, ‘மணி’ என்றாவது, ‘இல்ல’ என்றாவது, ‘ஆமா’ என்றாவது, எதுவும் பிடிபடவில்லை, இரும்புதான் கேட்டது, இருந்தும் அவர் கேட்கிறதா என்று என்னைக் கேட்கவில்லை, நிறுத்தவும் இல்லை, அத்தனை வருஷத்தையும் அந்தப் பெட்டிகள் போகிற வேகத்துக்குச் சொல்லிக்கொண்டு போனார், நான் தலையை ஆட்டினேன், எதற்கு ஆட்டுகிறேன் என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசிப் பெட்டி போனது. சத்தம் அறுந்ததும் அவரும் நின்றார், சொல்லி முடித்தவர் மாதிரி மூச்சு விட்டார், மஞ்சள் பையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இதெல்லாம் எழுதிராத தாயி.”

“எழுத மாட்டேன் மாமா” என்றேன்.